நம் மக்களின் மூச்சுக் காற்று

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், நாட்றாம்பாளையத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வி ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டு உழைத்துவரும் சங்கம் இது. அதன் வெள்ளி விழாவில் உடல்நலத்தைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்திருக்கிறார்கள். 'பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு?' என்று சிலர் எண்ணக்கூடும். நாங்கள் மருத்துவர் அல்லோம். ஆயினும், பத்தாம் வகுப்பு எழுதிய கையோடு கல்குவாரிக்குப் போன மாணவன், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தன் பிள்ளையைச் சேர்க்கப் பள்ளிக்கு வரும்போது நான்கு படி ஏறியதும் மூச்சு வாங்கி நிற்பதைக் காண்பவர்கள் ஆசிரியர்கள்தாம். அந்த உரிமையில் பேசுகிறோம்.

'நம்மூர்க் காற்றுக்கு என்ன குறை?' என்று பெரியவர்கள் கேட்பது வழக்கம். அது உண்மையே. காடும் மலையும் சூழ்ந்த அஞ்செட்டி வட்டத்தில் புகைபோக்கிகள் இல்லை. ஓசூரிலும் பெங்களூரிலும் உள்ளவர்கள் விடுமுறைக்கு ஒகேனக்கல் நோக்கி வரும்போது வண்டியின் கண்ணாடியை இறக்கி நம் காற்றைத்தான் இழுத்து மூச்சு விடுகிறார்கள். ஆனால் அந்தக் காற்றை நம்மில் எத்தனை பேர் சுவாசிக்கிறோம்? நம் ஆண்களில் பலர் குவாரியிலும், ஜல்லி உடைக்கும் கிரஷரிலும், கருங்கல் அறுத்து மெருகேற்றும் பட்டறையிலும், பெங்களூரின் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வந்து போகிறவர்களுக்கு ஊர்க்காற்று விருந்தாளி போன்றதே. வீட்டிலிருக்கும் பெண்களோ விறகடுப்பின் முன் குனிந்திருக்கிறார்கள். ஆகவே ஊரின் காற்று வேறு. ஊராரின் மூச்சுக் காற்று வேறு.

நாளிதழில் நகரங்களின் காற்றுத் தரக் குறியீடு என்று ஓர் எண் வெளிவருவதை இளைஞர்கள் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது. 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான பருமனும் உடைய நுண்துகள் காற்றில் எவ்வளவு உள்ளது என்பது அதன் கணக்குகளுள் முக்கியமானது. தலைமயிரின் குறுக்களவில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இத்துகள். ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. நம் நாடு 2009-இல் வகுத்த அளவு 40. இந்த இடைவெளியைப் பற்றி அறிஞர்கள் வாதிடட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. நகரின் ஒரு கட்டடத்து மாடியில் வைத்த கருவி, கிரஷரின் வாயருகே நிற்பவன் மூக்குக்குள் போவதை அளப்பதில்லை. நகரத்துக் குறியீடு பச்சையாய் இருக்கும் நாளிலும் அவனுக்கு அது பச்சை அன்று.

இனிக் கல்தூசியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கருங்கல்லில் குவார்ட்ஸ் என்னும் படிகப் பொருள் பெரும்பங்கு உள்ளது. கல்லை உடைக்கும்போதும் துளைக்கும்போதும் அறுக்கும்போதும் அது பொடியாகி எழுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். கண்ணுக்குத் தெரியாத தூசியே பகை. அது நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்று அங்கேயே தங்கிப் புண்ணாக்கித் தழும்பாக்குகிறது. தழும்பேறிய நுரையீரல் விரிந்து சுருங்காது. இதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் தூசியில் உழைத்தோருக்கு இது வரும். தூசி மிகுந்தால் ஐந்தாண்டிலும் வரும். தண்ணீர் இல்லாமல் உலர்ந்த கல்லை அறுப்போருக்கும் மெருகேற்றுவோருக்கும் அதற்கு முன்னரே வந்துவிடுவதும் உண்டு. வந்தபின் அதைக் குணமாக்கும் மருந்து இன்றளவும் இல்லை. (எங்கள் கரும்பலகைச் சுண்ணப்பொடியும் தூசிதானே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அது இருமலைத் தரும்; ஆனால் அதில் இந்தப் படிகம் முக்கியப் பொருள் அன்று. ஆகவே ஆசிரியர்கள் தியாகிகள் என்று சொல்லிக்கொள்ள இதில் இடமில்லை.)

இந்நோய் நம் மக்களுக்குப் புதிதன்று. இங்கிருந்து வெகுதூரமில்லாத கோலார் தங்க வயலை எண்ணிப் பாருங்கள். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியது முதல், வட ஆர்க்காட்டிலிருந்தும், அந்நாளில் நம் பகுதியும் அடங்கியிருந்த சேலம் மாவட்டத்திலிருந்தும் நம் முன்னோர் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். நிலமும் இல்லை, சேரியில் மானமும் இல்லை என்ற நிலையில், பூமிக்கு அடியில் இறங்குவதே மேல் என்று இறங்கினார்கள். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. 1940-களில் நடந்த மருத்துவ ஆய்வில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கும் அதிகமானோர் நுரையீரலில் சிலிக்கோசிஸ் காணப்பட்டது. நாட்டில் இந்நோயைப் பற்றிய முதல் பெரிய கணக்கெடுப்புகளுள் ஒன்று அது. இந்திய மருத்துவ நூல்களில் இந்நோய் இடம்பெற்ற வழி நம் பாட்டன்மார் நெஞ்சு வழியே சென்றது.

அதே கோலார் தங்க வயலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதுவும் இச்சங்கத்தார் அறிய வேண்டியதே. சித்த மருத்துவராய் விளங்கிய அயோத்திதாசப் பண்டிதர் வழியில் நின்ற தொழிலாளர் அங்கே பௌத்த சங்கம் கண்டார்கள். 1907-இல் சென்னையில் பண்டிதர் தொடங்கிய 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின் ஒரு காலத்தில் கோலாரிலிருந்து வெளிவந்தது. பண்டிதரின் நூல்களை அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது. பகலில் பாறை துளைத்தவன் இரவில் பத்திரிகை படித்தான், அச்சுக் கோத்தான். எழுத்தின் மதிப்பை அவர்கள் அறிந்திருந்தார்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் எடுத்த பின் கொட்டிய சயனைடு மண் மேடுகள் மட்டும் அப்படியே நின்றன. காற்றடித்தால் அம்மண் குடியிருப்புகளின் மேல் பறந்தது. பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகலாயினர். நம் பிள்ளைகள் திங்கட்கிழமைப் பேருந்தேறுவது போலவே.

நிற்க. இந்நோயில் ஏமாற்றும் தன்மை ஒன்று உண்டு. இருமல், மூச்சிரைப்பு, உடல் மெலிவு, மார்வலி என்று வரும் இதன் குறிகள் காசநோயின் குறிகளை ஒத்தவை. எக்ஸ்ரே படத்திலும் ஒன்றுபோல் தோன்றக்கூடும். போதாக்குறைக்கு, கல்தூசி தங்கிய நுரையீரலில் காசநோயும் எளிதில் பற்றுகிறது. ஆகவே மருத்துவமனைக்குப் போன தொழிலாளிக்குக் காசநோய் மருந்து தரப்படுகிறது. ஆறு மாதம் உண்கிறான், நிற்கவில்லை, மறுபடியும் உண்கிறான். கடைசியில் 'காசத்தில் போனான்' என்று ஊர் சொல்கிறது. காசநோய் என்று எழுதினால் அது அவன் தலைவிதி. சிலிக்கோசிஸ் என்று எழுதினால் அது அவன் செய்த தொழிலால் வந்தது, முதலாளியின் பொறுப்பு. ஒரு சொல்லில் இருக்கும் வேறுபாடு இத்தனை பெரியது. காசநோய் மருந்தைக் குறை கூறுவதாக யாரும் கொள்ளலாகாது. சளிச் சோதனையில் கிருமி தெரிந்தால் அம்மருந்தை ஒரு நாளும் தவறாது உண்ண வேண்டும். அரசு அதை இலவசமாகவே தருகிறது. கிருமி தெரியாமல் மூச்சு மட்டும் அடைத்துக்கொண்டே போகுமானால், 'ஐயா, நான் கல் வேலை செய்தவன்' என்று மருத்துவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

இத்தாலி நாட்டில் ரமாத்சீனி என்றொரு மருத்துவர் இருந்தார். தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் நூல் எழுதியவர். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாய்க் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. கூட்டம் நிரம்பி வழியும் புறநோயாளிப் பிரிவில் அக்கேள்வி இன்னும் பல வேளைகளில் கேட்கப்படுவதில்லை. கேட்கப்படாத கேள்விக்கும் நாமே விடை சொல்லிவிடுவதில் தவறில்லை.

வீடு தேடி மருத்துவம் வருவது நம் மாவட்டத்துக்குப் பெருமைக்குரிய செய்தி. மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சூளகிரி வட்டாரத்தில் சாமனப்பள்ளி என்னும் சிற்றூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அவ்வவ்வூர்ப் பெண்களே சுகாதாரத் தன்னார்வலராக வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்தனர். படுக்கையில் கிடந்தோரை நாடிச் செவிலியர் சென்றனர். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. நாங்கள் இதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் பாராட்டோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பகலில் வீடு தேடி வரும் மருத்துவத்துக்கு வீட்டில் இருப்பவர்தாம் அகப்படுவர். கல் உடைப்பவன் அப்போது கல்லருகே இருக்கிறான். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி தூசியைக் காட்டுவதும் இல்லை. வேலை செய்யும் இடத்துக்கே மருத்துவத்தைக் கொண்டுசெல்லும் முயற்சியும் 2024-இல் தொடங்கியது நல்லதே. ஆனால் பெயர்ப்பலகை உள்ள ஆலைக்கு வருவது போல, மலை மடிப்பிலுள்ள குவாரிக்கு எதுவும் எளிதில் வந்துவிடாது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் ஊரிலிருக்கும் படித்த பிள்ளைகள்.

தற்காப்பைப் பற்றிச் சொல்லுமாறு இளைஞர்கள் கேட்டுக்கொண்டார்கள். தூசியிலிருந்து காக்கும் பொருள்களுள் முதன்மையானது முகக்கவசம் அன்று, தண்ணீர். துளைக்கும் இடத்திலும் அறுக்கும் இடத்திலும் தண்ணீர் விட்டால் தூசி எழும்பாமல் சேறாகப் படிகிறது. உலகெங்கும் சுரங்கங்களில் கண்ட முறை இது. தண்ணீர்க் குழாய் போடுவது முதலாளியின் செலவு; முகக்கவசம் தொழிலாளியின் செலவு. எதைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது என்பதற்குக் காரணம் வேண்டியதில்லை. அடுத்தது, காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நிற்பது. தூசி அப்போது உங்களைத் தாண்டி அப்பால் போகும்.

தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டுகிறீர்களே, அது பருந்தூசியைத்தான் தடுக்கும். நுண்தூசிக்கு அதன் இழைகள் திறந்த வாயில்போல. என்-95 என்னும் வகைக் கவசம், முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தினால், நுண்துகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைத் தடுக்கவல்லது. தாடியின் மேல் அணிந்தால் பொருந்தாது. அழுக்கேறியதைத் துவைத்து அணிவதும் பயனில்லை. வேலை முடிந்ததும் தூசி படிந்த சட்டையை வீட்டுக்கு அணிந்து வராதீர்; பிள்ளையைத் தூக்குமுன் குளியுங்கள். பீடியை விட்டுவிடுங்கள். இதைச் சொன்னால் எங்கள் மேல் கோபிப்போர் இங்கே பலர் இருக்கிறார்கள், இருக்கட்டும். வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம் தின்றால் தூசி கழிந்துவிடும் என்றொரு நம்பிக்கை உண்டு. வெல்லம் போவது வயிற்றுக்கு. தூசி போனது நுரையீரலுக்கு. இரண்டுக்கும் வழி வேறு. சாராயத்துக்கும் அதே விடைதான்.

கவசமே பயன்படாத இடம் ஒன்று உண்டு. ஓசூரிலும் பெங்களூர் எல்லையிலும் ஆலைகளின், அடுக்குமாடிகளின் கழிவுத் தொட்டியில் இறங்க ஆள் தேடும்போது யாரைத் தேடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே இருப்பது தூசி அன்று, நச்சுவாயு. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். வாயு மிகுந்தால் மூக்கின் உணர்வே மரத்துப்போய் நாற்றம் தெரியாமற் போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று இறங்கியவன் ஏறி வருவதில்லை. அவனைத் தூக்க இறங்கிய அண்ணனும் தம்பியும் அப்படியே. எந்த முகக்கவசமும் அங்கே மூச்சு தராது. தக்க காப்பின்றிக் கழிவுத் தொட்டியில் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்து சிறைத்தண்டனையும் விதித்துள்ளது. இவ்வகையில் உயிரிழந்தோர் குடும்பத்துக்கு முப்பது இலட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இரண்டாயிரம் ரூபாய் தருகிறேன் என்று ஒருவன் கூப்பிட்டால், இறங்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்குச் சட்டப்படியே உண்டு.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். வீட்டுப் புகையினால் உலகில் 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ முப்பத்திரண்டு இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எரிவாயு இணைப்பு பல வீடுகளில் இருக்கிறது. உருளை காலியானால் மறுபடி நிரப்பப் பணம் இருப்பதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். களி கிண்டுவதற்கு விறகடுப்பே ஏற்றது என்போரோடு வாதிட நாங்கள் வரவில்லை. ஈர விறகை எரிக்காதீர். அடுப்பைத் திறந்த தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். தீப்பற்ற வைக்கப் பிளாஸ்டிக் பையும் பழைய டயரும் போடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பூதாதீர். புகையில் வளரும் குழந்தைக்கு நிமோனியா எளிதில் வரும்.

இப்போது சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள். அண்ணல் அம்பேத்கர் அரசியல் சட்டத்தை வகுத்தவர் என்று மேடைதோறும் சொல்கிறோம். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார் என்பதையும், 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களை நேரில் சென்று பார்த்தார் என்பதையும், அடுத்த மாதமே சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது என்பதையும் அதிகம் சொல்வதில்லை. சிலிக்கோசிஸ் பிற்பாடு நம் சட்டங்களில் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகவும், இழப்பீட்டுக்குரிய நோயாகவும் இடம்பெற்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகளிலும் அது நீடிக்கிறது. சட்டம் இருக்கிறது. இழப்பீடு கேட்கப் போகும் நம் ஆளிடம் இல்லாதது ஒன்றே: அவன் அந்தக் குவாரியில் வேலை செய்தான் என்பதற்குச் சான்று. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. கூலி கையில் கொடுக்கப்பட்டது. மேஸ்திரி வேறு ஊருக்குப் போய்விட்டார்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் உழைத்து நுரையீரல் கெட்ட கறுப்பினத் தொழிலாளர் நெடுங்காலம் வழக்காடி, 2018-இல் கம்பெனிகளோடு உடன்படிக்கை கண்டனர். 2019-இல் நீதிமன்றம் அதை ஏற்றது. 1965-ஆம் ஆண்டு முதல் வேலை செய்தவர்களுக்கும், இறந்துபோனவர்களின் குடும்பத்துக்கும் அதில் இடமுண்டு. ஆனால் பணம் பெறுவதற்கு எங்கே, எப்போது வேலை செய்தார் என்ற சான்றும், மருத்துவச் சான்றும் வேண்டும். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கதைக்குத் துண்டுச் சீட்டு ஒன்று வழி திறந்தது.

எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய சங்கம் இது. இச்சங்கத்தின் இளைஞர் ஒரு பெரிய குறிப்பேடு வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். காலனியில் வெளிவேலைக்குப் போகும் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பக்கம். எந்த ஊரில், எந்தக் குவாரி அல்லது பட்டறை, யார் மேஸ்திரி, என்ன வேலை, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, உடன் வேலை செய்தோர் யார் யார், தண்ணீர் விட்டு அறுத்தார்களா உலர்வாகவா, இருமல் எப்போது தொடங்கியது. இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறவர்களிடம் மாலையில் கேட்டு எழுதிவிடலாம். ஆண்டுக்கொரு முறை அவர்களை மார்பு எக்ஸ்ரேக்கு அழைத்துச் செல்லும்போது அந்தப் பக்கத்தையும் மருத்துவருக்குக் காட்டுங்கள். கிருஷ்ணகிரியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐயம் தீராத படங்களைப் பார்க்க, ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்நல நிறுவனத்தின் தென்மண்டல மையம் பெங்களூரில் உண்டு. அதோடு, கட்டட வேலையும் கல் உடைக்கும் வேலையும் செய்வோரைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து கொடுங்கள். 1994 முதல் இருந்துவரும் வாரியம் அது. பதிந்தவரின் அட்டையே ஒரு சான்றாகும்.

எக்ஸ்ரே படத்தைச் சுருட்டிக் கூரை ஓட்டின் இடுக்கில் செருகும் வழக்கம் நம்மிடம் உண்டு. மழையில் நனைந்து, எலி கடித்து, மூன்றாம் ஆண்டில் தேடும்போது ஒன்றும் மிஞ்சாது. பழைய படம் இருந்தால்தான் புதிய படத்தை ஒப்பிட்டு நோய் எவ்வளவு வளர்ந்தது என்று மருத்துவர் சொல்ல முடியும். ஆகவே அவற்றைத் தட்டையாக, உறையில் பெயரும் தேதியும் எழுதி, சங்கத்தின் நூலக அலமாரியில் மேல் தட்டில் வைக்க நிர்வாகிகள் இடம் தர வேண்டும். சாவி இருவரிடம் இருக்கட்டும். அவர்களுள் ஒருவராவது வெளியூர் வேலைக்குப் போகாதவராக இருக்கட்டும்.